பாறையும் மூடுபனியும் ஒரு சிற்றுயிரும்

 

'இயற்கையும் கவிதையும்' என்னும் பொருளில் உரையாற்றப் பணித்தீர்கள். மலரையும் நிலவையும் விடுத்து, கவிஞர் கண் பெரிதும் படாத ஒரு சிற்றுயிரைப் பற்றிச் சொல்ல விழைகின்றேன்.

நம் இல்லங்களில் மசாலைப் பொருள்களோடு சேர்த்து வறுக்கும் கல்பாசியை யாவரும் அறிவோம். பெயரில் பாசி இருப்பினும் அது பாசியன்று. லைக்கன் என்னும் கூட்டுயிர். பூஞ்சை உறைவிடம் தர, பாசி ஒளியைக் கொண்டு உணவு ஆக்க, இரண்டும் கூடி வாழும் வாழ்க்கையே லைக்கன். இதனைச் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் சுவெண்டெனர் 1860களின் இறுதியில் எடுத்துரைத்தபோது, அத்துறை வல்லுநர் பலரே ஏற்க மறுத்தனர்.

அவ்வகை உயிர்களுள் ஒன்று ராக் நோம் லைக்கன். வட அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதிக்கே உரியது. நீலச்சாம்பல் நிறம், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறு இதழ்கள். ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேல் மூடுபனி தவழும் செங்குத்துப் பாறைகளிலும், தாழ்விடங்களில் ஈரம் மாறாத ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் அது வாழ்கின்றது. மழைக்காலத்தில் பாறைமேல் நீர் கசிந்து வழியும் தடமே அதன் வீடு.

1995-இல் அமெரிக்க அரசு அதனை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. மலையேறுவோர் காலடியும் சேகரிப்போர் கையும் அதற்குக் கேடாயின. பிறிதொரு கேடு மரத்தின் வழி வந்தது. அம்மலை முகடுகளில் ஃபிரேசர் ஃபர் மரங்கள் பாறைகளுக்கு நிழல் தந்து நின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்துசேர்ந்த, சாறுறிஞ்சும் நுண்பூச்சி ஒன்று 1957-இல் மிட்செல் மலையில் அம்மரங்களின்மேல் கண்டறியப்பட்டது. பின்னர் முகடுகள் பலவற்றில் முதிர்ந்த மரங்கள் பெருவாரியாகப் பட்டுப்போயின. அப்பூச்சி லைக்கனைத் தொடவில்லை. மரம் பட்டது, நிழல் அகன்றது, வெயில் பாறையை உலர்த்தியது, பாறையை நம்பியிருந்த உயிர் நலிவுற்றது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. மா, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. மாணாக்கர் இதனைப் பட்டியலாகவே மனப்பாடம் செய்கின்றனர். முதலைச் சார்ந்தே கரு நிற்கும் என்பது இப்பாகுபாட்டின் உட்பொருள் எனக் கொள்கின்றேன். முதல் சிதைந்தால் கரு நில்லாது என்பதற்கு அப்பலாச்சியப் பாறை சான்று.

இன்றைய கவிதைகள் பலவற்றில் குருவியும் மூங்கிலும் அருவியும் அணியாக வந்து போகின்றன. அவை எந்நிலத்தில், எப்பொழுதில், எதனைச் சார்ந்து வாழ்கின்றன என்பதை அக்கவிதைகள் சொல்வதில்லை. கவிஞனுக்கு உயிரியல் எதற்கு என்று வினவலாம். பூச்சியின் பெயரை அவன் அறியவேண்டுவதில்லை. மரம் பட்டால் பாறை உலரும் என்னும் தொடர்பைக் காணும் கண் வேண்டும். சங்கப் புலவர்க்கு அக்கண் இருந்தது. அழிந்தபின் இரங்கற்பா பாட நாம் வல்லவர்கள்; இருக்கும்போதே நிழலைப் பாடினோர் சிலரே.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் அடுத்த கவியரங்கில், ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பாறையொன்றை அதன் நீரோடும் நிழலோடும் அதில் வாழ்வனவற்றோடும் அறிந்து பாடவேண்டும் என்று கேட்டு அமைகின்றேன்.