நாளை என்னவென்று தெரியாதபோது

(நமது சங்கத்தின் டோம்பிவிலி கிளை நடத்திய குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களின் மனநலம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மருத்துவன் அல்ல. 1970-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன். பிறகு மத்திய அரசில் முப்பத்தேழு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே கண்ணால் கண்டதையும், படித்து உறுதி செய்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன். கூடவே நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 22 நள்ளிரவோடு நமது லோக்கல் ரயில்கள் நின்றுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டோம்பிவிலிக்காரனுக்கு ரயில் நின்றால் மூச்சு நின்ற மாதிரி. ஜூன் 15-லிருந்து அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் வண்டி ஓடியது. சாதாரண ஜனங்கள், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும், ஏறுவதற்கு 2021 பிப்ரவரி 1 வரை காத்திருக்க நேர்ந்தது. பெரியவர்களான நாம் மருந்து, பால், காய்கறி என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். வீட்டிலிருந்த கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி, "இவர்களுக்கு என்ன, லீவுதானே" என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஆண்டு கடைசி வருஷம் படித்தவர்களுக்கு நேர்ந்ததைச் சற்று வரிசையாகப் பாருங்கள். இறுதியாண்டுக்கு மட்டும் ஜூலையில் தேர்வு என்று மகாராஷ்டிர அரசு மே தொடக்கத்தில் சொன்னது. மே கடைசியில், தேர்வு வேண்டாம், முந்தைய மதிப்பெண்களின் சராசரி போதும் என்றார் முதலமைச்சர். ஆளுநர் அதற்கு மாறான கருத்துச் சொன்னார். ஜூலை 6-ல் பல்கலைக்கழக மானியக் குழு, செப்டம்பர் முடிவதற்குள் தேர்வு நடத்தியே ஆக வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது: தேர்வில்லாமல் பட்டம் இல்லை, வேண்டுமானால் கால அவகாசம் கேட்கலாம். கடைசியில் மும்பை பல்கலைக்கழகம் அக்டோபரில் இணைய வழியில் தேர்வு நடத்தியது. 'உண்டு, இல்லை, உண்டு' என்று ஐந்து மாதம்! இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. எல்லோருமே இருட்டில்தான் தடவிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த இருட்டில் இருபது வயதுப் பிள்ளைகள் தனியாக நின்றார்கள்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் அப்படி ஒரு பையன். பி.எஸ்ஸி. ஐ.டி. கடைசி வருஷம். ஜனவரியிலேயே ஒரு கம்பெனியில் தேர்வாகி, ஜூலையில் வேலையில் சேர இருந்தான். சேரும் தேதி தள்ளிப்போயிற்று, மறுபடியும் தள்ளிப்போயிற்று, பிறகு கடிதமே வரவில்லை. ஒரே படுக்கையறை கொண்ட ஃபிளாட். ஹாலில் அப்பாவின் ஆபீஸ், உள்ளே தங்கைக்கு ஆன்லைன் வகுப்பு. அவனுக்கு மாடிப்படித் திருப்பம்தான் இடம். இரவு இரண்டு மணிக்கும் அங்கே கைபேசி வெளிச்சம் தெரியும். பகலில் தூங்குவான். "சாப்பாடே இறங்கலை மாமா, கேட்டா எரிஞ்சு விழறான்" என்று அவன் அம்மா என்னிடம் கண் கலங்கினாள்.

நான் அவனைக் கூப்பிட்டு உபதேசம் செய்தேன். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது மாதுங்காவிலிருந்து கோட்டைக்கு நடந்தே ஆபீஸ் போன பிரதாபத்தைச் சொன்னேன். பிளேக் காலத்தில் ஊருக்குப் போன நியூட்டன் அங்கேதான் பெரிய கண்டுபிடிப்புகளுக்கு வித்திட்டார் என்றேன். "மனசைத் தைரியமா வெச்சுக்கோ. இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று முடித்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சரி தாத்தா" என்று எழுந்து போனான். அதன்பின் என்னைக் கண்டால் வேறு படியில் இறங்க ஆரம்பித்தான்.

அதுதான் என் தவறு. அந்த வேலைநிறுத்தம் இருபதே நாளில் முடிந்தது. எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. கூட நடக்க அறை நண்பர்கள் இருந்தார்கள். இவனுக்கோ முடிவு தேதியும் இல்லை, சம்பளமும் இல்லை, கூட நடக்க ஆளும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தது என் பௌதிக அறிவுக்கே அவமானம்.

பிறகுதான் இது பற்றிப் படித்தேன். 2016-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் விஞ்ஞானிகள் 45 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து வெளியிட்டார்கள். கணினித் திரையில் பாறைகள் வரும். எதன் அடியில் பாம்பு என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் ஒரு மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண் பாவையையும் அளந்து பார்த்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வரலாம், வராமலும் போகலாம் என்று சரிபாதி சந்தேகம் இருந்தபோதுதான் பதற்றம் மிக அதிகம்! கெட்ட செய்தியைக்கூட மனித உடம்பு தாங்கிக்கொள்கிறது. தெரியாமையைத் தாங்குவது அதைவிடக் கஷ்டம். "ஃபெயில் ஆனாக்கூடப் பரவாயில்லை, எதுன்னு சொல்லித் தொலைக்கட்டும்" என்று அந்தப் பையன் அம்மாவிடம் கத்தியது கோழைத்தனம் அல்ல, உடம்பின் இயல்பு.

ஒரு நாள் மொட்டை மாடியில் அவனைத் தனியாகப் பார்த்தேன். இந்தத் தடவை உபதேசம் இல்லை. என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். 1970-ல் பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருஷம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்ப்பேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போன பிறகு அப்பா முகத்தைப் பார்க்கப் பயந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். தூக்கம் கிடையாது. பாட்டி மட்டும் ஒன்றும் கேட்க மாட்டாள். "கொல்லை வாழைக்கு நீதான் தண்ணி விடணும், எனக்கு இடுப்பு முடியலை" என்பாள். அவளுக்கு இடுப்பில் ஒரு கோளாறும் இல்லையென்று பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, உங்களுக்கும் தூக்கம் வராதா?" என்று கேட்டான். அன்றைக்கு ஒரு மணி நேரம் அவன் பேசினான், நான் கேட்டேன்.

அடுத்த வாரம் பாட்டியின் வித்தையை நானும் கையாண்டேன். கட்டடத்து முதியவர்களுக்குக் காணொளி அழைப்பும், மருந்து ஆர்டர் செய்வதும் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விட்டோம். நவம்பரில் எங்கள் பென்ஷன்காரர்களின் டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் வேலை முழுவதும் அவன் கையில்தான். நாளைக்குக் காலை பத்து மணிக்குத் தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற ஒரு நிச்சயம் போதும், மனிதன் இரவில் தூங்குவதற்கு.

அக்டோபர் 12-ஆம் தேதி நினைவிருக்கிறதா? காலையில் மும்பை, தாணே முழுவதும் மின்சாரம் போயிற்று. அன்றைய தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள். நான் பதறிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அவன் கதவைத் திறந்து சிரித்தான். "இன்னும் என்னதான் பாக்கி தாத்தா? உள்ளே வாங்கோ, அம்மா காபி போடறா" என்றான்.

எல்லா வீடுகளிலும் கதை இப்படி முடியவில்லை. தேசிய குற்றப் பதிவுத் துறையின் கணக்குப்படி நமது நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 2019-ல் 10,335 பேர்; 2020-ல் 12,526 பேர்; 2021-ல் 13,089 பேர். எல்லாவற்றுக்கும் கொரோனாதான் காரணம் என்று இந்த எண்கள் சொல்லவில்லை. ஆனால் 2022-லும் எண்ணிக்கை பதின்மூவாயிரத்துக்கு மேலேயே நின்றது. அன்று எட்டாவது, ஒன்பதாவது வகுப்பை வீட்டுக்குள்ளேயே கைபேசியில் படித்த குழந்தைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அதனால்தான் இப்போது இதைப் பேசுகிறேன்.

பெரியவர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலில் கேளுங்கள். கீதையின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே அர்ஜுன விஷாத யோகம். சோர்ந்துபோனவனிடம் பகவானே முதலில், இந்தப் பேடித்தனம் உனக்குத் தகாது என்று ஒரு அதட்டல் போட்டுப் பார்க்கிறார். அது பலிக்கவில்லை. அர்ஜுனன் தன் குழப்பம் முழுவதையும் கொட்டிய பிறகே உபதேசம் ஆரம்பிக்கிறது. அதட்டல் அவருக்கே பலிக்கவில்லை; நமக்கா பலிக்கப்போகிறது?

இரண்டாவது, கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துக்கொள்ளப் பழக்குங்கள். தேர்வு தேதி கையில் இல்லை. இன்றைக்கு ஒரு பாடம், வேளைக்குச் சாப்பாடு, இரவுத் தூக்கம், சாயங்காலம் அரை மணி நடை இவை கையில் உண்டு.

மூன்றாவது, அடையாளங்களைக் கவனியுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் மாறிப்போனால், நண்பர்களை விட்டு விலகினால், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்பதுபோலப் பேசினால், பேச்சை மாற்றாதீர்கள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராக, அன்பாகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பாரம்தான் இறங்கும். தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் பலர் மனநல மருத்துவரிடம் போகாததற்குக் காரணம் செலவு அல்ல, "நாளைக்கு வரன் பார்க்கும்போது தெரிந்தால்?" என்ற பயம். சர்க்கரை வியாதிக்கு டாக்டரிடம் போவதை ஜாதகத்தோடு சேர்த்து யாரும் கேட்பதில்லை. வரன் பார்க்கிறவர்களும் நாம்தான். ஆகவே இந்தப் பயத்தை ஒழிக்க வேண்டியவர்களும் நாம்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் 'டெலி-மானஸ்' இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் மராத்தியிலும் பேசலாம். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருக்கிறது. பிள்ளைகளின் கல்லூரியில் யார் அந்த ஆலோசகர் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

பல ஊர்களிலிருந்து இந்த இதழைப் படிக்கும் உறுப்பினர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நாம் ஓய்வு பெற்றவர்கள். நம்மிடம் நேரம் இருக்கிறது. உங்கள் கட்டடத்தில், உங்கள் தெருவில், பேச ஆளில்லாமல் ஒரு பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கு நமது பிரதாபங்கள் வேண்டாம். நாம் தடுமாறிய கதை ஒன்றும், ஒரு டம்ளர் காபியும், குறுக்கே பேசாத ஒரு மணி நேரமும் போதும்.

அந்தப் பையனுக்கு அந்தக் கம்பெனியிலிருந்து கடைசிவரை அழைப்பு வரவில்லை. வேறொரு வேலை கிடைத்து இப்போது புனேயில் இருக்கிறான். ஒவ்வொரு நவம்பரிலும் தவறாமல் போன் செய்து, "தாத்தா, உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தாச்சா?" என்று கேட்கிறான்.