ஞாயிற்றுக்கிழமைக் கூலி



காலமும் வேலையும் பற்றிய கணக்குகளை நீங்கள் அனைவரும் போட்டிருப்பீர்கள். ஒரு வேலையை இராமன் 10 நாளிலும் கோவிந்தன் 15 நாளிலும் முடித்தால், இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பர்? 35 ஆண்டுகள் இத்தகைய கணக்குகளைக் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த இராமனும் கோவிந்தனும் ஒருநாளும் களைப்பதில்லை. துருப்பிடித்த திருகாணி எதுவும் அவர்கள் கையில் சிக்குவதுமில்லை. செய்த வேலைக்கு என்ன கூலி கேட்பது என்று அவர்கள் தயங்கியதாகவும் பாடநூல் கூறவில்லை.

அந்தத் தயக்கத்தோடுதான் என் பழைய மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். தொழிற்பயிற்சி நிலையத்திற் படித்துவிட்டு லாரிப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறான். நாளுக்கு 8 மணி நேரம்; கூலி 800 ரூபாய். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் பழைய அம்பாசிடர் காரைப் பிள்ளைபோற் பேணி வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பழுதுபார்த்துத் தர இவன் ஒப்புக்கொண்டிருந்தான்.

"ஐயா, எனக்குக் கடை வாடகை இல்லை. ஊர்ப் பட்டறையில் மணிக்கு 200 ரூபாய் கேட்கிறார்கள். நான் 100 கேட்டாற் போதுமல்லவா?" என்றான்.

"தம்பி, பட்டறையில் உனக்குக் கிடைக்கும் 100 ரூபாய் உன் உழைப்புக்கு மட்டுமே உரியது. அங்கே ஜாக்கியும் ஸ்பேனரும் முதலாளியுடையவை. மண்ணெண்ணெயும் மின்சாரமும் அவர் செலவு. வேலை திரும்பி வந்தால் நட்டமும் அவரைச் சேரும். ஞாயிற்றுக்கிழமையில் இவை யாவும் உன் தலையில் அல்லவா விழும்?" என்றேன். பட்டறைக் கருவிகளைச் சொல்லாமல் எடுத்துவரும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடும்படியும் கூறினேன். தனக்கென்று ஒரு பெட்டி வைத்திருப்பதாக அவன் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது.

இன்னொன்றும் உண்டு. இத்தொழில் ஒன்றையே நம்பிக் குடும்பம் நடத்துபவர் அந்த ஊர்ப் பட்டறைக்காரர். வேறிடத்திற் சம்பளம் வாங்குகிறவன் பாதிக் கூலிக்கு வேலை செய்தால், அவர் அடுப்பில் பூனை உறங்கும். ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞரின் நூலொன்றைக் காந்தியடிகள் 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயிலிற் செல்லும்போது படித்தார். 1908-இல் 'சர்வோதயம்' என்று குஜராத்தியில் அதன் கருத்தை எழுதினார். வழக்கறிஞர் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் ஒரே மதிப்பு என்பது அவர் அதிலிருந்து கற்றது. வேலைக்குரிய கூலி நிலையாக இருக்கட்டும், திறமையால் ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்பது ரஸ்கினின் வாதம். கூலியைக் குறைத்து இடம்பிடிப்பதை அவர் ஏற்கவில்லை. இதைக் கேட்ட மாணவன் சற்று யோசித்து, உண்மையாகவே தனக்கில்லாத வாடகையை மட்டும் கழித்து, மணிக்கு 150 என்று வைத்தான்.

கூலி விகிதம் முடிந்தது, மணிக்கணக்குதான் கடினம். அம்பாசிடர் 1958 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் உற்பத்தியான வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை ஒட்டி அமைந்தது. பழைய வண்டியில் எந்தத் திருகாணி எளிதிற் கழலும், எது முறியும் என்று முன்கூட்டி யாராற் சொல்ல முடியும்? முழுத்தொகை பேசிவிட்டால், ஒன்று இவன் நட்டப்படுவான். இல்லையேல் பயந்து அதிகம் சொல்லி மருத்துவரை நட்டப்படுத்துவான். ஆகவே, "இவ்வளவு மணி நேரம் பிடிக்கலாம், அதைத் தாண்டும்போது கேட்டுவிட்டே தொடர்வேன்" என்று பேசிக்கொள்வதே இருவருக்கும் நியாயம்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்யத்தான் மருத்துவர் கூப்பிட்டிருந்தார். அவ்வேலை 2 மணி நேரத்தில் முடிந்தது. ஓட்டிப் பார்த்தபோது, பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாயிருப்பதைக் கண்டான். பிரேக் எண்ணெய் கசிந்திருந்தது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் அழுத்தம் ஒரே வழியாகச் செல்லும். ஒரு சக்கரத்தின் ரப்பர் கெட்டு எண்ணெய் வடிந்தால் நான்கிலும் பிரேக் பிடிக்காமற் போகலாம். மருத்துவரோ, "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமே" என்றார். அவருக்குச் செலவு பற்றிய கவலை. என் மாணவன் பணிவாக, "ஐயா, இதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டாதீர்கள். நான் செய்ய வேண்டுமென்பதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். அதுவரை கார்புரேட்டர் வேலைக்கும் பணம் வாங்க மாட்டேன்" என்றான். கூலியை இழக்கவும் துணிந்து அவன் அப்படிச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மருத்துவர் அவனிடமே அவ்வேலையை ஒப்படைத்தார்.

3 மணி நேரம் என்று கணித்த அந்த வேலை 6 மணி நேரம் பிடித்தது. துருவேறிய திருகாணியோடு ஒன்றரை மணி நேரம் போராடினான். தொடருமுன் மருத்துவரிடம் சொல்லவும் செய்தான். துரு வண்டியினுடையது, அந்நேரத்துக்குக் கூலி உண்டு. மற்றொரு ஒன்றரை மணி நேரம், தான் அறியாத அமைப்பைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்ளச் சென்றது. பழகிய மெக்கானிக்குக்கு அது தேவைப்பட்டிராது. தான் கற்றதற்கு மருத்துவர் ஏன் கொடுக்க வேண்டும்? அதைக் கழித்தான்.

முதல் வேலைக்கு 300, இரண்டாவதற்கு நாலரை மணிக்கு 675, ஆக 975 ரூபாய். உதிரிப் பொருள்களுக்குப் புதுப்பேட்டைக் கடையின் ரசீதில் உள்ள விலையே. மேலே ஒரு காசும் ஏற்றவில்லை. மருத்துவர் 1,000 கொடுத்தார். இவன் 25 ரூபாயை எண்ணித் திருப்பித் தந்தான். கழற்றிய பழைய ரப்பர்களையும், எதை மாற்றினான் என்பதை அவர் கண்ணாற் காணும்படி, ஒரு செய்தித்தாளில் மடித்து அவர் முன் வைத்தான்.