கண் தேடட்டும், வாய் பேசட்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)

 

"விளையாட்டைப் பற்றிப் பேசவா மேடை ஏறினீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், விளையாட்டைப் பற்றித்தான். ஒரு பெரிய படம். சந்தையோ, காடோ, கடற்கரையோ. அதற்குள் ஒரு சாவி, ஒரு சீப்பு, ஒரு மீன் ஒளிந்திருக்கும். பிள்ளை அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது நேற்று வந்த விளையாட்டன்று. அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஹைலைட்ஸ்' என்னும் சிறுவர் இதழ், முதல் இதழிலிருந்தே இத்தகைய படங்களை வெளியிட்டது. 1987-இல் இங்கிலாந்தில் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் என்னும் ஓவியர், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரன் 'வால்லி'யைப் பெருங்கூட்டத்துக்குள் ஒளித்துவைத்துப் புத்தகம் போட்டார். பல நாட்டுப் பிள்ளைகளும் அவனைத் தேடினார்கள்.

"சரி சார், இதனால படிப்பு வருமா?" நியாயமான கேள்வி. தேடுவதால் மட்டும் படிப்பு வந்துவிடாது. ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கும் பழக்கம் வரும், அதுவும் நல்லதே. ஆனால், கண்டுபிடித்த பிறகு நாம் கேட்கும் ஒரு கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. "எங்கே இருக்கு?" என்பதே அக்கேள்வி.

முதலாம் ஆண்டில் ஒரு பையன். பெயர் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வான். சுவரில் படத்தை மாட்டிய அன்று எல்லாருக்கும் முன்னால் சாவியைக் கண்டுபிடித்தவன் அவன்தான். "தோ!" என்றான். "கையை நீட்டாம சொல்லு தம்பி" என்றேன். "மரத்துல." "எந்தக் கிளையில?" சற்று யோசித்தான். "ரெண்டாவது கிளையில, குருவிக் கூட்டுக்குப் பின்னால!" அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அதுதான்.

பெற்றோர்களே, வாய் திறக்காத பிள்ளைக்கு 'மக்கு' என்று ஊரே பெயர் வைத்துவிடுகிறது. பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. உள்ளே விடை இருக்கும். வெளியே வர வழிதான் இருக்காது. மேலே, கீழே, நடுவில், பின்னால், இடப்பக்கம் என்று வாயாரச் சொல்லிப் பழகிய பிள்ளைக்குக் கட்டுரை எழுதும்போதும், கணக்கில் படம் வரையும்போதும் அச்சொற்கள் கைகொடுக்கும்.

புத்தகம் வாங்கக் காசில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பழைய காலண்டர் படம் போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு தாம்பாளம் போதும். கிப்ளிங் 1901-இல் எழுதிய 'கிம்' என்ற நாவலில், தட்டில் வைத்த கற்களைப் பார்த்து நினைவிலிருந்து சொல்லும் ஆட்டம் ஒன்று வருகிறது. பேடன் பவல் 1908-இல் அதைச் சாரணர் பயிற்சியில் சேர்த்தார். கரண்டி, பொத்தான், சாவி, வெங்காயம், ரப்பர் கொட்டை என்று சிறு பிள்ளைக்கு ஆறு பொருள், பெரிய பிள்ளைக்குப் பன்னிரண்டு வையுங்கள். ஒரு நிமிடம் பார்க்கவிட்டுத் துண்டால் மூடுங்கள். பிறகு, என்னென்ன இருந்தது, எதற்குப் பக்கத்தில் எது இருந்தது என்று கேளுங்கள். சோறு வேகும் நேரம் போதுமே!

இன்று கைத்தொலைபேசியிலும் இவ்விளையாட்டு வருகிறது. அதில் விரல் தொட்டால் போதும், வாய் பேச வேண்டியதில்லை. ஆகவே பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "தொடாதே, முதல்ல சொல்லு" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு தேடியும் கிடைக்காத பிள்ளையைத் திட்டாதீர்கள். படத்தை மூக்கருகே கொண்டுபோகிறதா, கண்ணைச் சுருக்குகிறதா, பச்சை இலைக்குள் சிவப்பு மிளகாய் தெரியாமல் தடுமாறுகிறதா என்று கவனியுங்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட நிறப்பார்வைச் சோதனையும் புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைக்கும் படம்தான். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத குறை ஆண் பிள்ளைகளிடமே அதிகம். சந்தேகம் வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். கண்ணில் உள்ள குறைக்குப் பிள்ளையை மக்கு என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

இன்று பரிசு வாங்கிய செல்வங்களுக்கு என் வாழ்த்து. வாங்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: இன்றிரவே தாம்பாளத்தை எடுத்து வையுங்கள். "எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.