பாவச் சுமையும் எளிய விசுவாசமும்

இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட நூல் 1678ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. எழுதியவர் ஜோன் பனியன். இந்தப் பெயரை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சட்டைக்கு உள்ளே போடும் பெனியன் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். சிரித்து முடியட்டும் என்று விட்டுவிடுவேன். நூலின் பெயரைத் தமிழில் மோட்சப் பிரயாணம் என்று வழங்குவர்.

பெரும்பான்மையும் சைவப் பிள்ளைகள் கற்கும் ஒரு கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்த நூலோடு என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். தமிழில் இரட்சணிய யாத்திரிகம் என்றொரு காவியம் இருக்கிறது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்டது. பனியனின் கதையையே அது தழுவி நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் காவியங்களைக் கற்பிக்கும் ஒருவர் அதனைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. மேலும், பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைசெய்த ஆறுமுக நாவலர் பிறந்த மண்ணில், பிற சமயத்து நூலொன்றைக் கவனமாக வாசிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பனியன் 1628இல் பெட்போர்ட் நகருக்கு அருகேயுள்ள எல்ஸ்ரோ என்ற கிராமத்தில் பிறந்தவர். பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டுத் திருத்திக் கொடுப்பது குடும்பத் தொழில். கல்வி சொற்பம். மணமுடித்து வந்த மனைவி சீதனமாகக் கொண்டு வந்தவை தகப்பனார் வைத்திருந்த இரண்டு பக்தி நூல்கள் மாத்திரமே. ஒரு தட்டுமுட்டுச் சாமான் கூட இல்லை என்று அவரே எழுதுகிறார்.

1666இல் அவர் எழுதிய சுயசரிதை ஒன்று உண்டு. தமது பாவங்கள் என்று அதில் அவர் சொல்பவற்றைப் பார்த்தால் நமக்குச் சற்று வியப்பாக இருக்கும். வாய்க்கு வந்தபடி சத்தியம் செய்து திட்டுவது, ஓய்வுநாளில் விளையாடுவது, கோயில் மணி அடிப்பதில் மோகம் கொள்வது. இவைதானா என்று நாம் கேட்கலாம். ஒருநாள் கடையொன்றின் யன்னலருகே நின்று அவர் திட்டிக்கொண்டிருந்தபோது, நல்ல பெயரெடுக்காத ஒரு பெண்ணே அவரைக் கண்டித்தாளாம். அன்றிலிருந்து அவர் வாயை அடக்கினார்; விளையாட்டை விட்டார்; மணி அடிப்பதையும் மெல்ல மெல்ல விட்டார். அயலார் புகழ்ந்தார்கள். இங்கிலாந்தில் கடவுளுக்கு என்னைப்போற் பிரியமானவன் இல்லை என்று அவருக்கும் தோன்றிற்று.

பிறகு ஒருநாள், தொழில் நிமித்தம் பெட்போர்ட் வீதியால் போகும்போது, மூன்று நான்கு ஏழைப் பெண்கள் வாசலொன்றில் வெயிலில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பதைக் கேட்டார். தங்கள் நெஞ்சின் கேட்டையும் கடவுள் தங்களுக்குச் செய்ததையும் பற்றியே அவர்கள் பேசினார்கள். மகிழ்ச்சியே அவர்களைப் பேச வைக்கிறது என்று அவருக்குப் பட்டது. தாம் கட்டி வைத்த ஒழுக்கம் முழுவதும் அந்தப் பேச்சுக்கு முன்னால் ஆட்டங் கண்டது. ஆங்கில இலக்கியத்தில் ஒரு பெருநூலுக்கு வித்து விழுந்த இடம் அந்த வாசற்படி என்றே நான் கருதுகிறேன்.

அதற்குப் பின்னரும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓராண்டு காலம் அரித்தெடுத்தது. சாப்பிட இருந்தாலும் அதுதான், தொழில் செய்தாலும் அதுதான். ஒரு காலைப்பொழுது படுக்கையில் கிடந்தபடி, அவர் போக விரும்பினால் போகட்டும் என்று மனம் சலித்து நினைத்துவிட்டார். அந்த ஒரு நினைவுக்காக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தம்மைத் தாமே தண்டித்தார். மனநோய் என்று இன்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தன் மனமே தனக்குப் பகையாகிப்போன ஒருவன் என்ன செய்வது என்ற கேள்வி அந்தப் பெயரைச் சூட்டியதால் தீர்ந்துவிடாது.

அவருக்கு அது தீர்ந்தது ஒரு வயல்வெளியில் நடந்து போகும்போது. உன்னுடைய நீதி பரலோகத்திலே இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. தம்முடைய மனம் நன்றாக இருக்கும் நாளில் அந்த நீதி கூடுவதுமில்லை, மனம் கெட்டுப்போன நாளில் குறைவதுமில்லை. ஏனெனில் அது தம்மிடம் இல்லை, கிறிஸ்துவிடம் இருக்கிறது. எளிய விசுவாசம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது இதைத்தான். தன்னுடைய நிலையை மணிக்கொருதரம் அளந்து பார்ப்பதை விட்டுவிட்டு, தனக்கு வெளியே நிற்கும் ஒருவரில் சாய்ந்துகொள்வது. சொல்வதற்கு இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கு வந்துசேரப் பனியனுக்குப் பல ஆண்டுகள் சென்றன.

1660இல், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்று அவரைப் பிடித்து அடைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் சிறை. அங்கே காலணிக் கயிறுகளுக்குக் குப்பி பூட்டி விற்று, கண் தெரியாத மூத்த மகள் உட்படத் தம் குடும்பத்துக்குக் கொடுத்தார். சுயசரிதை சிறையில் எழுதப்பட்டதே. யாத்திரிகன் கதையும் சிறையிலேயே தொடங்கப்பட்டது என்பர்.

கதையில், முதுகில் பெரிய சுமையோடு ஒருவன் தன் ஊரைவிட்டு ஓடுகிறான். வழியில் உலக ஞானி ஒருவர் எதிர்ப்பட்டு நல்ல புத்தி சொல்கிறார்: ஏன் இந்தக் கஷ்டம், பக்கத்திலே ஒழுக்கம் என்றொரு கிராமம் இருக்கிறது, அங்கே சட்டம் என்ற கனவான் சுமையிறக்குவதில் கெட்டிக்காரர் என்று. அந்தப் பாதையில் திரும்பியதும் மலையொன்று அவன் தலைமேல் விழுவதுபோல் கவிழ்ந்து நிற்கிறது. சுமை முன்னையிலும் பாரமாகிறது.

பின்னர் ஒரு வீட்டில் அவனுக்கு ஒரு காட்சி காட்டப்படுகிறது. பல காலம் கூட்டாத அறை. ஒருவன் வந்து விளக்குமாற்றால் கூட்டுகிறான். எழும்பிய தூசியில் யாத்திரிகனுக்கு மூச்சு முட்டுகிறது. பிறகு ஒரு பெண் வந்து தண்ணீர் தெளிக்கிறாள். அறை சுகமாகக் கூட்டுப்படுகிறது. காலையில் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துக் கூட்டும் நமது பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ந்த நெஞ்சைச் சட்டத்தால் மட்டும் கூட்டப் போனால் பாவம் போகாது, கிளம்பும் என்கிறார் பனியன். தண்ணீர் என்பது அருள்.

எனக்கு வாலிப வயதில் ஒரு முதியவரைத் தெரியும். அச்சுக்கூடமொன்றில் எழுத்துக் கோர்த்தவர், கிறிஸ்தவர். நல்ல தமிழறிவும் குடிப்பழக்கமும் ஒருங்கே உள்ளவர். அவரிடமிருந்துதான் மோட்சப் பிரயாணத்தை இரவல் வாங்கினேன். ஒருநாள் சொன்னார்: “தம்பி, குடிக்கமாட்டன் எண்டு எத்தினை தரம் சத்தியம் பண்ணியிருப்பன் எண்டு எனக்கே கணக்கில்லை. சத்தியம் பண்ணின அண்டைக்குத்தான் கூடக் குடிச்சிருக்கிறன். இப்ப சத்தியத்தை விட்டிட்டன். காலமை எழும்பினவுடனை, ஆண்டவரே, இண்டைக்கும் என்னாலை ஏலாது, நீர் பாத்துக்கொள்ளும் எண்டு சொல்லுவன். அவ்வளவுதான்.” அதன்பின் மாதக்கணக்காகக் குடிக்காமல் இருந்தார், விழுந்தார், மறுபடியும் எழுந்தார். விழுந்த மறுநாளும் அதே ஒரு வசனம்தான்.

அவருடைய மனைவியாரின் பேச்சு வேறு. “ஆண்டவர் இவரை மன்னிச்சிட்டாராம். இவர் அடகு வைச்ச என்ரை சங்கிலியை ஆர் மீக்கிறது?” என்பார். எளிய விசுவாசம் பற்றிப் பேசுபவர்கள் யாராயினும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பாவம் செய்தவனுக்கும் கடவுளுக்கும் இடையில் கணக்கு முடிந்துவிட்டால், பாவத்தால் அடிபட்டவர்களின் கணக்கு என்னாவது? பனியனின் முதற்பாகத்தில் இதற்குப் பதில் போதாது என்பது என் எண்ணம். யாத்திரிகன் காதைப் பொத்திக்கொண்டு மனைவி பிள்ளைகளை விட்டு ஓடுகிறான். 1684இல் எழுதிய இரண்டாம் பாகத்தில் அந்த மனைவியையும் பிள்ளைகளையும் வழிநடத்திக் கொண்டுவந்து சேர்த்த பின்னரே கதை ஒருவாறு நிறைவு பெறுகிறது. அச்சுக் கோர்த்த அந்த ஐயா நாலு வருடம் கழித்துச் சங்கிலியை மீட்டுக் கொடுத்தார். வட்டியோடு. மீட்பு என்ற சொல்லை நாம் அடகுக்கும் வழங்குகிறோம், இரட்சிப்புக்கும் வழங்குகிறோம். விலை கொடுத்துத் திருப்பி வாங்குவது என்ற பொருள் இரண்டிலும் உண்டு.

சிலுவைக் காட்சிக்கு வருவோம். அது நூலின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. யாத்திரிகன் சிலுவையின் முன் வந்து நிற்கிறான். சுமை தானாக அவிழ்ந்து உருண்டு, கீழேயுள்ள கல்லறையின் வாய்க்குள் விழுந்து மறைகிறது. அவன் எந்த விரதமும் எடுக்கவில்லை. பார்த்தான், அழுதான். அவ்வளவே. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “சேர், சுமை விழுந்திட்டால் கதை முடிஞ்சுதுதானே? பிறகேன் இவ்வளவு பக்கம்?” நல்ல கேள்வி. முதுகுச் சுமை போயிற்று, வழி போகவில்லை. சற்றுத் தூரத்தில் மூவர் காலில் விலங்கோடு நித்திரை கொள்கிறார்கள். ஒருவன் பெயர் பேதை, ஒருவன் சோம்பல், மற்றவன் துணிச்சல். எளிமை வேறு, பேதைமை வேறு என்பதைச் சிலுவைக்கு அருகிலேயே பனியன் கிடத்திக் காட்டிவிடுகிறார். யாத்திரிகனும் மலையேறும் வழியில் தூங்கித் தன் சீட்டைத் தொலைத்து, அழுதுகொண்டு திரும்பி வந்து தேடுகிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது சந்தேகக் கோட்டைப் பகுதி. அவநம்பிக்கை என்ற அரக்கன் யாத்திரிகனையும் தோழனையும் புதன்கிழமை காலை தொடக்கம் இருட்டறையில் போட்டு அடிக்கிறான்; தற்கொலை செய்யுங்கள் என்று ஆலோசனையும் சொல்கிறான். சனிக்கிழமை நள்ளிரவு இருவரும் செபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் தறுவாயில் யாத்திரிகனுக்கு ஞாபகம் வருகிறது: வாக்குத்தத்தம் என்ற சாவி இவ்வளவு நாளும் தன் மார்புக்குள்ளே இருந்திருக்கிறது! உள் கதவு திறக்கிறது, வெளிக் கதவும் திறக்கிறது. கடைசி இரும்பு வாயிற் பூட்டு மட்டும் பொல்லாத இறுக்கம். சாவி கையில் இருந்தும் பூட்டு இறுகும் என்று எழுதத் தெரிந்ததனாலேதான் இந்நூலை நான் மதிக்கிறேன்.

கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பமொன்றில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். கம்பனில் ஊறியவர், கிறிஸ்தவக் கம்பர் என்றே பெயர் பெற்றவர். பூனை தன் குட்டியைக் கௌவிக்கொண்டு போகும், குரங்குக் குட்டியோ தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்று வைணவர் அருளையும் முயற்சியையும் பற்றி வாதிட்டு வந்தனர். பனியனின் வயல்வெளிச் சிந்தனை அந்தச் சூழலில் வளர்ந்த காதுக்கு முற்றிலும் புதிதாக இருந்திராது. ஆனாலும் எல்லாம் ஒன்றே என்று சொல்லித் தோளில் தட்டிப் போவது மரியாதை போலத் தோன்றும் அலட்சியம். சைவத்தில் மலம் உயிரை அநாதியே மறைத்திருப்பது. வினை அனுபவித்துக் கழிய வேண்டியது. கிறிஸ்தவனுக்குப் பாவம் ஒருவருக்கு விரோதமாகச் செய்த குற்றம். அந்த ஒருவரே அதன் விலையைக் கொடுத்தார் என்பது அவன் நம்பிக்கை. மாணிக்கவாசகர் தம்மை நாயென்று தாழ்த்திக்கொள்ளும் இடத்தில் இரு வழியும் நெருங்கி வருகின்றன, பின்னர் பிரிகின்றன.

பனியன் சில வரிகளில் முடித்த சிலுவையைக் கிருஷ்ணபிள்ளை கிறிஸ்துவின் பாடுகள் முழுவதுமாக விரித்துப் பாடினார். 3,700க்கும் மேற்பட்ட செய்யுள்களில் விருத்தங்கள் கம்பீரமானவை. எனினும், பாத்திரம் ஒட்டியவரின் எளிய நெஞ்சம் அந்த அணிகளுக்குள்ளே சில இடங்களில் மூச்சுத் திணறுகிறது. அவரே அதை உணர்ந்தார் போலும். காவியத்தினிடையே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாக்களை அமைத்திருக்கிறார். அங்கே கம்பனும் இல்லை, பனியனும் இல்லை. தன்னால் ஏலாதவன் ஒருவன் தன் ஆண்டவரோடு நேரே பேசுகிறான்.

காவியத்தின் பருமனைக் கண்டு தயங்கும் நேயர்கள் அந்தத் தேவாரங்களிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம். மோட்சப் பிரயாணத்தைக் கையில் எடுப்பவர்கள் கடைசி ஆற்றுக் காட்சியை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள். இவ்வளவு தூரம் வந்த யாத்திரிகன் அந்த ஆற்றில் தாழ்கிறான். பழைய பாவங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து பயப்படுகிறான். பக்கத்தில் வரும் தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் நிலத்தில் படுகிறது, நல்ல தரைதான் என்று சொல்லிக்கொண்டே வருகிறான்.