கடலடியில் ஒரு சர்வே வகுப்பு



சிவில் படித்த நான் இன்று துறைமுகத் தூண்களைச் சோதிக்கும் டைவர். கண்டதைக் கட்டித் தூக்குவதுதான் எங்க பழக்கம். ஒருநாள் பழைய கல் நங்கூரம் ஒன்றைத் தூக்கிட்டேன். “எந்த இடம்? பக்கத்தில் என்ன இருந்தது?” என்றார் தொல்லியல் பேராசிரியர் ஒருவர். பதில் இல்லை. நங்கூரம் வெறும் கல்லாப் போச்சு.

பிறகுதான் துருக்கி நாட்டு உலுபுருன் கப்பல் பற்றிப் படித்தேன். 1982-ல் கடற்பஞ்சு எடுக்கும் டைவர் ஒருவர், தான் கண்டதைச் சொன்னதால் தெரியவந்த கப்பல். வயது சுமார் 3300. அதிலிருந்த 10 டன் செம்பை, 1984 முதல் 1994 வரை, 22,000 முறைக்கு மேல் மூழ்கி, இடம் குறித்த பிறகே எடுத்தார்கள்.

இப்போ விடுமுறைகளில் தொல்லியல் குழுவோடு மூழ்குகிறேன். முதலில் டேப், கடைசியில்தான் கயிறு. சர்வே வகுப்பைக் கட் அடித்த கடனை, சார், கடலடியில அடைச்சிக்கிட்டிருக்கேன்!