அகன்ற பிலிமும் ஆரணித் தறியும்



1986-ல் ரஜினிகாந்த் நடித்த 'மாவீரன்' தமிழின் முதல் எழுபது எம்.எம். படமாக வெளிவந்தபோது, 'எழுபது' என்ற அந்த எண்ணுக்கே தனி மகிமை உண்டாயிற்று. அதற்குப் 13 ஆண்டுகள் முன்பே, ஜி. உமாபதி தயாரித்து, ஏ.பி. நாகராஜன் இயக்கி, சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்', தமிழின் முதல் சினிமாஸ்கோப் சித்திரமாக வந்து, விசாலமான திரையின் சுகத்தை நம் ஜனங்களுக்குக் காட்டியிருந்தது. ஆயினும், திரை அகலமாக இருப்பது வேறு, படம் பிடித்த பிலிமே அகலமாக இருப்பது வேறு. இந்தப் பேதத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சாதாரண சினிமா பிலிமின் அகலம் 35 மில்லிமீட்டர். பெரிய காமிராவில் ஓடும் நெகடிவோ 65 மில்லிமீட்டர். தியேட்டருக்குப் போகும் பிரதியில் ஒலிப்பாதைகளுக்கு இடம் வேண்டியிருப்பதால், அது 70 ஆகிறது. அந்த நெகடிவின் ஒரு கட்டம் சினிமாஸ்கோப் கட்டத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்புடையது. ஆகையால் திரையளவுக்கு அதைப் பெருக்கும்போது, துகள்கள் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. சூட்சுமமான விவரங்கள் மங்குவதில்லை. 1962-ல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில், கானல் நீருக்கு அப்பால் ஒரு கரும்புள்ளி தோன்றி, வெகுநேரம் நடுங்கி நடுங்கி, ஒட்டகமும் அதன்மேல் ஒரு மனிதனுமாக உருப்பெறுகிற காட்சி, அத்தகைய நெகடிவில் பதிந்ததனால்தான் அவ்வளவு பொறுமையாக நம் கண்முன் விரிகிறது.

நம் நாட்டிலோ வேறு வழி கையாளப்பட்டது. 1975-ன் 'ஷோலே' 35 மில்லிமீட்டரில் பிடிக்கப்பட்டு, பிறகு லண்டனில் எழுபதுக்குப் பெருக்கப்பட்டது. பெருக்குவதனால் அளவு கிடைக்கும். நெகடிவில் விழாத நுட்பம் கிடைக்காது. ஆரணியில் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் ஏற்றாத இழையை, நெய்து மடித்த சேலையிலே எந்தச் சாமர்த்தியத்தாலும் சேர்க்க முடியாதென்பது அவர் அறியாததன்று.

இதற்காக நம் தயாரிப்பாளர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆயிரம் அடிச் சுருள் சாதாரணக் காமிராவில் சுமார் 11 நிமிஷம் ஓடும். 65-ல் 9 நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். பிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டி, கட்டமொன்றுக்குப் பிலிமின் ஓரத்துத் துளைகளில் 15-ஐ விழுங்கும் ஐமாக்ஸ் காமிராவிலோ மூன்றே நிமிஷந்தான். காமிராவின் பளுவும், வசனம் பேசும் இடத்தில் அதன் இரைச்சலும் தனித் தொல்லைகள். அன்றியும், பெரிய கட்டத்தில் தெளிவு நிற்கும் ஆழம் குறைவு. நடிகர் அரையடி முன்னே சாய்ந்தால் கண்கள் மங்கிவிடும். ஆதலால் உதவியாளர் ஒருவர், காமிராவின் பக்கத்தில் பிலிம் நிற்கும் இடத்தைக் குறிக்கும் அடையாளத்திலிருந்து நடிகரின் கண்வரை நாடா பிடித்து அளந்து, நடிகர் அசையும்போதெல்லாம் லென்ஸைத் திருப்பிக்கொண்டேயிருக்க வேண்டும்.

இத்தனை சிரமமும் டிஜிட்டல் யுகத்தில் ஒழிந்ததென்று பலர் எண்ணியிருக்க, 2023-ல் கிறிஸ்டோபர் நோலன் தமது 'ஓப்பன்ஹைமர்' சித்திரத்தை 65 மில்லிமீட்டரிலும் ஐமாக்ஸிலும் பிடித்தார். அதன் பொருட்டு கோடக் கம்பெனி, அதுவரை இல்லாத அகலத்தில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்துக் கொடுத்தது. அந்தப் படத்தில் பெரும்பகுதி பாலைவனமுமன்று, படையெடுப்புமன்று. அறைகளுக்குள் அமர்ந்து பேசும் மனிதர்களின் முகங்கள்!

பெரிய பிலிம் பிரம்மாண்டத்துக்கு மட்டுமே உரியது என்ற அபிப்பிராயம் இவ்வாறு தகர்ந்துவிட்டபடியால், எனக்கு ஓர் ஆசை. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' ஒரு பட்டு நெசவாளியைக் கதாநாயகனாக்கித் தேசிய விருது பெற்றது. ஆரணித் தெருவொன்றின் வாழ்க்கையையும், சரிகை ஓடும் முந்தானையையும், அறுந்த இழையைப் பிணைக்கும் விரல்களையும் ஒருவர் 65 மில்லிமீட்டர் நெகடிவிலேயே பிடிப்பாரானால், அந்தச் செலவு வீண் ஆடம்பரமாகாது. பொருளுக்கேற்ற கருவியைத் தேர்ந்ததாகவே கொள்ள வேண்டும்.