ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சின மொழி

இன்னைக்கு எபிசோடுல ஃப்ரோடோ, ஆரகார்ன் யாரும் கிடையாது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில வில்லன் பக்கம் நின்னு சண்டை போட்ட ஒரு கூட்டத்தைப் பத்திப் பேசப் போறோம். பேரு டன்லெண்டிங்ஸ். 'டூ டவர்ஸ்' படத்துல சாருமான் தூண்டிவிட்டதும் கிராமங்களை எரிக்கக் கிளம்புவாங்களே, அவங்கதான்.

அவங்களுக்கு ரோஹன் மேல ஏன் அவ்வளவு கோபம்? மூன்றாம் யுகம் 2510-ல ஒரு போர்ல உதவி பண்ணதுக்காக, கோண்டோர் அரசு ஒரு பெரிய நிலப்பரப்பை ரோஹன் மக்களுக்குத் தூக்கிக் கொடுத்துடுது. அதோட மேற்குப் பக்கத்துல டன்லெண்டிங்ஸ் ஏற்கெனவே இருந்தாங்க. அவங்ககிட்ட யாரும் கேட்கல. ஆல்டோர்னு ஒரு ராஜா, ஐசன் ஆற்றுக்குக் கிழக்கே மிச்சம் இருந்தவங்களையும் துரத்திட்டார். 500 வருஷம் ஆகியும் அந்தக் கோபம் அடங்கல. சாருமான் செஞ்சது, பழைய புண்ணைக் கிளறினது.

இப்ப மொழிக்கு வருவோம். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டுல பழைய ஆங்கிலப் பேராசிரியரா இருந்தவர். ரோஹன் மக்களோட மொழிக்குப் பதிலா பழைய ஆங்கிலத்தைத்தான் வெச்சார். டன்லெண்டிங்ஸுக்கு உறவான மக்கள் வாழுற ப்ரீ பக்கத்து ஊர்ப் பேர்களுக்கு? கெல்டிக் வேர்ச்சொற்கள். 'ப்ரீ'ன்னா குன்று, 'செட்'னா காடு. பிரிட்டன்ல ஆங்கிலம் வர்றதுக்கு முன்னாடி இருந்தது கெல்டிக் மொழிகள்தானே? அதே வரிசை இங்கேயும்.

'வெல்ஷ்'ங்கிற பேரே 'அந்நியன்'னு பொருள் தர்ற பழைய ஆங்கிலச் சொல்லுல இருந்து வந்தது. முன்னாடி இருந்தவனுக்கு, பின்னாடி வந்தவன் வெச்ச பேரு! 'டன்லெண்டிங்'கும் அப்படித்தான். கருத்த நிறம், கருமுடின்னு பார்த்து ரோஹன்காரங்க வெச்சது. அவங்க தங்களை என்னன்னு சொல்லிக்கிட்டாங்கன்னு கதை சொல்லவே இல்ல. அவங்க மொழியில நமக்குக் கிடைக்கிறது ஒரே சொல்: 'ஃபோர்காயில்'. ரோஹன்காரங்களைத் திட்டுற சொல். 'வைக்கோல் தலையனுங்க'ன்னு அர்த்தமாம்.

நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு சர்வருக்கு நடுவுல பிரச்சினை, ஆனா லாக் ஃபைல் ஒரு சர்வர்ல மட்டும்தான் இருக்கு. அதை மட்டும் படிச்சா, தப்பு எப்பவும் அடுத்தவன் மேலதான் தெரியும்.

டோல்கீனுக்கு வெல்ஷ் மொழின்னா கொள்ளை ஆசை. சிண்டாரின்ங்கிற எல்ஃப் மொழிக்கு அந்த ஓசையைத்தான் கொடுத்தார். அழகான ஓசை எல்ஃபுக்குப் போச்சு, நிலத்தை இழந்த கதை டன்லெண்டிங்ஸுக்கு வந்துச்சு.

ஆனா அவர் அவங்களை வெறும் அரக்கர்களா விட்டுடல. ரோஹன்காரங்க கைதிகளை உயிரோட எரிப்பாங்கன்னு சாருமான் சொல்லி வெச்சிருந்தான். ஹெல்ம்ஸ் டீப் போர் முடிஞ்சதும், இனி ஆயுதத்தோட ஐசன் ஆற்றைத் தாண்ட மாட்டோம்னு சத்தியம் வாங்கிட்டு, அவங்களை ஊருக்கு அனுப்பிடுறாங்க. அவங்களுக்கு ஒரே ஆச்சரியம்.

கவனிங்க. கருணை கிடைச்சது, நிலம் கிடைக்கல. எல்லைக்கோடு அதே ஆறுதான்.

அடுத்த தடவை அந்தப் படம் பார்க்கும்போது, தீப்பந்தம் பிடிச்சிருக்கிற முகங்களையும் ஒரு நிமிஷம் பாருங்க. என்ன தோணுச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!